சிகரெட் பெட்டியில் பெதானி

ரிச்சர்ட் காலையில் எழுந்ததும் பல் விளக்குவான், கெட்டிலில் தண்ணீர் வைப்பான், கதவுக்குப் பின்னால் தொங்கும் சாம்பல் நிறக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வான், பிறகு சிகரெட் பெட்டியைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் நிமிர்த்தி வைத்து, அதில் அச்சாகியிருக்கும் செத்துப்போன தன் மனைவியைப் பார்த்தபடி முதல் சிகரெட்டைப் பற்றவைப்பான். வீடு செங்காங்கில், உயரமான மாடியில். கீழே பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கும். எதிர் அடுக்குமாடி புளோக்கில் ஒரு சீனர் கைகளை வீசி உடற்பயிற்சி செய்வார். பெதானி பெட்டியிலிருந்து பார்ப்பாள். சிகரெட் முடிந்ததும் அவன் காப்பியைக் குடித்து, சட்டையைக் கழற்றி மறுபடி கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு, தெம்பனிஸில் உள்ள சரக்குக் கப்பல் அலுவலகத்துக்கு வேலைக்குப் போவான்.

அவளைக் கொன்றது கொசு. டெங்கி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது, இனி பயமில்லை என்றார்கள், அன்று மாலையே உள்ளே எங்கோ ரத்தம் கசிந்து இறந்துபோனாள். ஆனால் கொசுவைத் திட்ட யாரும் துக்கத்துக்கு வருவதில்லை. புகைபிடிக்கிற கணவன் ஒருவன் கிடைத்தால் காரியம் சுலபம். புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்த ஜெபக்குழுப் பெண்கள், அவன் பக்கத்தில் வந்தபோதெல்லாம் மூக்கைச் சுருக்கினார்கள். ஆறுதல் சொன்னவர்கள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, வேர்க்கடலையை மென்றபடி, கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கிறது என்றார்கள். திட்டம் என்னவென்று அவர்களுக்கும் தெரியவில்லை. அடுத்த மேசைக்குப் போய் குவீன்ஸ்டவுனில் வீட்டு விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பேசினார்கள்.

மண்டாய் மின்மயானத்தில் எரித்து முடித்த வார ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்ததும், ரிச்சர்ட் வழக்கம்போல லிட்டில் இந்தியாவுக்கு நடந்து, டிக்சன் ரோட்டில் யாக்கூப்பின் கடையில் சிகரெட் வாங்கினான். சிகரெட்டைக் கண்ணில் படும்படி வைக்கக்கூடாது என்பது சட்டம். யாக்கூப் கல்லாவுக்குப் பின்னால் மூடிய அலமாரியில் வைத்திருந்தார்; கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து நீட்டினார். அந்தப் பெட்டிகளில் எச்சரிக்கைப் படமாக அதுவரை இருந்தது, விரல்கள் கருத்துப்போன ஒரு கால். வருடக்கணக்காக அந்தக் காலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தும் ரிச்சர்ட் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. அன்று அந்த இடத்தில் பெதானி இருந்தாள். தலைமுடியை மேலே தூக்கி கிளிப் போட்டிருந்தாள். வீட்டில் போடும் பழைய டீ-ஷர்ட். இரண்டு விரல்கள் மூக்கின் மேல். கண்களில் அந்தப் பார்வை.

அந்தப் பார்வையை அவன் நன்றாக அறிவான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் அது வரும். மீனுக்குப் புளி கரைக்கத் தெரியாமல் விழித்தால் வரும். ஜன்னலோரம் நின்று புகைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நிச்சயம் வரும். கல்யாண ஆல்பத்தில் அது கிடையாது. அதில் கேமராக்காரன் சொன்னதற்காகச் சிரித்த யாரோ ஒருத்திதான் இருந்தாள். கைப்பேசிப் படங்களிலும் அவளே. அவன் குடும்பம் நடத்திய பெண்ணின் முகம் உலகத்தில் ஓரிடத்தில்தான் இருந்தது, அது புகையிலைக் கம்பெனியின் பெட்டியில் இருந்தது. ரிச்சர்ட் அங்கேயே இன்னொரு பெட்டி வாங்கினான். அதிலும் அவள் இருந்தாள்.

சில வாரங்களில் யாக்கூப்பின் கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் பெதானி என்றாயிற்று. ஞாயிறுகளில் வரும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அது பெரும் சங்கடம். புதுக்கோட்டைக்காரன் பிரபாகர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கல்லாவில் திருப்பி வைத்தான்.

"பாய், வேற குடுங்க. இந்த அக்கா பாக்குற பார்வையில தம்மு உள்ளயே எறங்க மாட்டேங்குது."

"எல்லாத்துலயும் அக்காதான் லா. முன்ன அழுகின கால் இருந்துச்சே, அப்ப மட்டும் நல்லா எறங்குச்சா?"

"அது யாரோட காலோ பாய். இது என்னையப் பாக்குதுல்ல."

சொல்லிக்கொண்டே அவன் சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்தான். எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள். பெட்டியை வாங்கியதும் காலரைச் சரிசெய்வது, அக்குளை முகர்வது, சட்டையில் குழம்புக் கறை இருந்தால் கையால் மறைப்பது. யாக்கூப்பே இஸ்திரி போட்ட சட்டையில் கடைக்கு வர ஆரம்பித்திருந்தார். புற்றுநோய்க்கும் அழுகலுக்கும் அசையாத ஆண்கள், முன்பின் தெரியாத ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டதற்காகச் சிகரெட்டை விட்டார்கள். ஆண்களின் வீரம் அவ்வளவுதான். வியாபாரம் படுத்தது. புகார் போய், அதிகாரி ஒருவர் வந்து, பெட்டியில் படம் சட்டப்படி எடுத்துக்கொள்ள வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார். எடுத்துக்கொண்டிருந்தது. போய்விட்டார்.

விஷயம் மாதா கோயிலுக்கும் போயிற்று. பெதானியின் தாய் அற்புதமேரி, ஜெபக்குழுவோடு கடைக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெட்டி சிகரெட் வாங்கினார். கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். மகள்தான். ஆனால் முகம் பீடத்தில் வைக்கும்படி இல்லை.

"பாய், சிரிக்கிற மாதிரி ஒண்ணு இல்லையா?"

"எல்லாம் ஒரே ஸ்டாக்மா."

இருந்ததை வாங்கிப்போய், வீட்டில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிப் பூப்போட்டார். வந்தவர்களிடம், சாகும்போது மகள் கடைசியாகச் சொன்ன வார்த்தை இது என்று சொன்னார்: "அம்மா, அவரை அந்தப் பழக்கத்த விடச் சொல்லுங்க." அவர் சொல்லும்போது பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். மகள் சொன்னபோது பக்கத்தில் அவர் இல்லை. முப்பதாம் நாள் பூசையில் அந்த வாக்கியத்தில் இயேசுவும் சேர்ந்தார். வருடப் பூசையில் நினைவு அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். அதற்குள் அது நான்கு வரியாகியிருந்தது. டெங்கியில் கிடந்த பெண் அவ்வளவு பேச மூச்சு ஏது என்று யாரும் கேட்கவில்லை. ரிச்சர்ட் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில், பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். மறுத்துப் பேசினால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பீடத்திலிருந்த பெட்டி விஷயத்தில் ஒரு தவறு நடந்தது. வாங்கிப்போன பெட்டியில் பெதானி தங்குவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: அதிலிருந்து யாராவது புகைத்துக்கொண்டிருக்க வேண்டும். புகைக்காமல் வைத்தால் மூன்றாம் நாள் அவள் போய்விடுவாள், பழையபடி கருத்த கால் வந்துவிடும். அற்புதமேரியின் கண்ணுக்கு அது தெரியவில்லை. தவக்காலம் முழுக்க ஜெபக்குழு அந்த வீட்டில் கூடி, ஓர் அழுகிய காலுக்கு முன்னால் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னது. பார்வை நன்றாக இருந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. பலகாரம் நன்றாக இருந்தது.

அதே தவக்காலத்தில்தான் ரிச்சர்டின் கால் விரல் நிறம் மாறியது. முதலில் நடக்கும்போது பாதம் இழுத்தது. பிறகு ரயில் நிலையத்திலிருந்து புளோக்குக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்று, கைப்பேசி பார்ப்பதுபோல நடித்தான். சுண்டுவிரல் நீலமாகி, நீலம் கருப்பை நோக்கிப் போயிற்று. டாக்டர் வைதேகி அவனுடைய கால்களைத் தொட்டுப் பார்த்து, படமெடுத்து, நோயின் பெயரைச் சொன்னார். சின்ன வயதில், புகைபிடிப்பவர்களுக்கு வருவது. ரத்தக் குழாய்கள் நுனியிலிருந்து அடைத்துக்கொண்டு வரும்.

"மருந்து?"

"சிகரெட்ட விடுறதுதான் மருந்து. மத்ததெல்லாம் சும்மா."

"காலையில மட்டும் ஒண்ணு?"

"மிஸ்டர் ரிச்சர்ட், இது டிஸ்கவுண்ட் கேக்குற இடம் இல்ல. ஒண்ணும் கூடாது. பேட்ச்கூட கூடாது, அதுலயும் நிக்கோடின்தான். விட்டா கால் இருக்கும். விடலன்னா முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி. நானே வெட்டுவேன்."

வெளியே வந்து ரிச்சர்ட் செருப்பைப் பார்த்தான். பெட்டியில் இருந்த கால் இப்போது அவனுடைய செருப்பில் இருந்தது. வீட்டில் இருந்த பெதானி பெட்டியில் இருந்தாள். இடம் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தான்.

அவன் விட்டுப் பார்க்காமலில்லை. சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கான உதவி எண்ணில் பதிந்துகொண்டான். அவனுடைய பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு குரல், நீங்கள் ஒரு வீரர் என்றது. கைப்பேசிக்குத் தினமும் ஒரு பலூன் படம் வந்தது. மூன்றாம் நாள் காலை ஜன்னலில் பெட்டியை நிமிர்த்தி வைத்தபோது, அதில் கால் இருந்தது. மேலே ஒரு கருத்த கால், கீழே ஒரு கருத்த கால், நடுவில் அவன். பலூன் வந்தது. ரிச்சர்ட் பற்றவைத்தான். முதல் சாம்பல் விழுவதற்குள் அவள் திரும்பி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். இந்த நாட்டில் அவனைப் பார்த்து இரக்கப்படாத ஒரே ஆள் அவள்தான். அதற்காக ஒரு விரலைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கொடுத்தான். வைதேகி சொன்னபடி தானே வெட்டினார். "அடுத்த தடவை அப்பாயின்ட்மென்ட் பெருசாப் போட்டுக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வீடு திரும்பிய மறுநாள் அவனால் ஜன்னலோரம் நிற்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து பற்றவைத்தான். நிற்கும்போது அவள் பார்வை அவன் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே விழும். தன்னை நேரே பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை என்றே அவன் நினைத்திருந்தான். இப்போது உட்கார்ந்திருந்தான், அப்போதும் கீழேதான் விழுந்தது. தலையைத் தாழ்த்தினான். பார்வையும் தாழ்ந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிகரெட்டைப் பார்க்கவில்லை. வெட்டுப்பட்ட காலைப் பார்க்கவே இல்லை. சாம்பல் நிறக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவளைப் பார்க்க அவன் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன சட்டை. அன்றிலிருந்து துவைக்கவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் புகைக்கக்கூடாது என்பதால் வாசலுக்கு வெளியே, சாலையைத் தாண்டிப் போய், புகைப்பதற்கென்று வரைந்த மஞ்சள் கோட்டுக்குள் மற்ற ஆண்களோடு ஆடுபோல நின்று புகைத்துவிட்டு, அந்த வாடையோடு வார்டுக்குள் வந்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னாள். அவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சொன்னதைச் செய்யாமல், வீம்புக்கு இந்த ஜன்னலில் நின்று இன்னும் இரண்டு பிடித்தான். மூன்றாவதைப் பற்றவைக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். அதே சட்டையில்தான் அவளுடைய உடலுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

ரிச்சர்ட் சிகரெட்டைப் பாதியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டான். சட்டையைக் கழற்றிச் சலவை இயந்திரத்தில் போட்டான். மூங்கில் கழியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். எதிர் புளோக்குச் சீனர் கைவீசுவதை நிறுத்தாமல் பார்த்தார். வெளுத்த வேறு சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் புகைக்கவில்லை. மூன்றாம் நாள் கால் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. பெதானி இருந்தாள். மூக்கிலிருந்த விரல்கள் மட்டும் கீழே இறங்கியிருந்தன. பார்வை அப்படியே இருந்தது. இப்போது அது அவன் போட்ட காப்பியின் மேலும், இஸ்திரி போட்ட லட்சணத்தின் மேலும் விழுந்தது. அவள் அலட்சியமாகப் பார்ப்பதற்குச் சிகரெட் தேவையில்லை, அவனே போதும் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

யாக்கூப்பின் கடையில் மற்றப் பெட்டிகளுக்குக் கால்களும் பற்களும் திரும்பி வந்தன. அக்கா போய்விட்டாள் என்று கேள்விப்பட்டு, சிகரெட்டை விட்டவர்கள் எல்லோரும் மறுபடி பிடிக்க வந்தார்கள். பிரபாகர்தான் வரிசையில் முதல் ஆள், பொத்தான் இல்லாத சட்டையோடு. அற்புதமேரிக்கு ஒருவழியாகக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. பீடத்தில் இருந்ததைப் பார்த்தார், யாரிடமும் சொல்லாமல் குப்பையில் போட்டார், நினைவு அட்டையைச் சட்டம் போட்டு அங்கே வைத்தார். ரிச்சர்டின் மற்ற விரல்கள் நிறம் திரும்பின. வருடா வருடம் பூசைக்குப் போகிறான். அந்த நான்கு வரியைச் சாமியார் வாசிக்கும்போது, துவைத்த சட்டையில், ஒன்பது கால் விரல்களோடு, எழுந்து நிற்கிறான். தெரிந்தவர்கள் அவனை நல்ல சாட்சி என்கிறார்கள். செங்காங்கில் ஜன்னல் விளிம்பில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் காலரைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

அன்று வார்டில், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கி, இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவள் சொன்னது இவ்வளவுதான்:

"சீ, நாறுது லா. சட்டைய மாத்திட்டு வா."