அறுபதில் ஐம்பத்தேழு தவறு

அறுபது கேள்விக்கு ஐம்பத்தேழு தவறான பதில். இருட்டு அக்கா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். எண் மாறவில்லை. கண் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், சன்னலுக்குக் கறுப்புத் துணி தொங்கவிட்ட பயிற்சி அறையில் வேலை பார்ப்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அது. வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

வேலை என்னவோ பார்க்கச் சின்னதுதான். இலேசான கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்ல வேண்டும். திரையில் சாம்பல் நிற வட்டம் இரண்டு முறை மின்னும். ஒரு முறை வெறும் சாம்பல். இன்னொரு முறை அதற்குள் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மங்கலாகச் சில கோடுகள். கோடு முதலில் வந்தால் மவுஸில் இடது பக்கம் அழுத்த வேண்டும். இரண்டாவதாக வந்தால் வலது பக்கம். “கண்ணோட பவர் இதனால மாறிடாது. மங்கலா வர்றத மூளை இன்னும் கொஞ்சம் நல்லா படிக்கப் பழகும், அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் இல்ல” என்று டாக்டரம்மா பெற்றோரிடம் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிடுவார். மொத்தம் முப்பது நாள் பயிற்சி. ஒவ்வொரு நாளும் கடைசியில் அறுபது கேள்வியில் ஒரு சோதனை. பதினெட்டாம் நாள் முடிந்ததும் ஒரு படிவம் டாக்டரம்மாவுக்குப் போகும். முன்னேற்றம் இல்லையென்றால் அத்தோடு பயிற்சிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கண்ணாடி எழுதிக் கொடுத்துவிடுவார்.

செவ்வாயும் வெள்ளியும் ஐந்து மணிக்கு வரும் ஒன்பது வயதுக்காரிக்கு இன்றைக்குப் பதினெட்டாம் நாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அவளுடைய அப்பா அவளை ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார். சோதனை முடிந்ததும் கணினி ‘தேறியது’, ‘தேறவில்லை’ என்று மட்டும்தான் அச்சடிக்கும். உள்ளே இருக்கும் பதில் பட்டியலை யாரும் திறப்பதில்லை. படிவத்தை நிரப்ப வேண்டுமே என்று இருட்டு அக்காதான் பதினேழாம் நாள் பட்டியலைத் திறந்தாள். திறந்த இடத்தில்தான் இந்த ஐம்பத்தேழு.

முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. மவுஸின் இடதும் வலதும் மாறிக் கிடக்கிறதோ? இல்லை. அதே நாளில் வக்கீலுக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு நாற்பத்தெட்டு சரி. அவளே தாடையைத் தாங்கியில் வைத்துச் சோதனையை ஓட்டிப் பார்த்தாள், ஐம்பத்திரண்டு. பிறகு என்ன தோன்றியதோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொரு தடவை, மனம் போன போக்கில் அழுத்தினாள். முப்பத்தொன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவளுக்கே பாதி சரியாக வருகிறது. ஐம்பத்தேழு தவறு செய்ய வேண்டுமென்றால் ஐம்பத்தேழையும் பார்த்திருக்க வேண்டும்.

பழைய பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எட்டாம் நாள் வரை ஏணி ஏறுவதுபோல் ஏற்றம். ஒன்பதாம் நாளிலிருந்து தலைகீழ். எட்டாம் நாள் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, குழந்தையின் தலையைத் தடவி, “இந்த வேகத்துல போனா உன்னை சீக்கிரமே அனுப்பி வெச்சிடலாம் போலிருக்கே, அப்புறம் வரவே வேணாம்” என்றிருந்தாள்.

ஐந்து மணிக்குப் படியில் இருவரின் குரலும் கேட்டது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆனால் மகளுடன் வரும்போது லிஃப்ட்டில் ஏறவே மாட்டார். மூன்று மாடிக்கும் ஒவ்வொரு படியாக, நின்று நின்று, கதை பேசிக்கொண்டுதான் வருவார்கள். திரும்பிப் போகும்போதும் அப்படியே. ஆறு மணிக்கு வாசலில் அம்மா ஸ்கூட்டரோடு நிற்பாள். அவள் மருந்துக்கடையில் வேலை முடித்து வர ஆறாகிவிடும் என்பதால்தான், இரண்டு வருடமாகத் தனியாக இருக்கும் மனிதருக்கு வாரத்தில் இந்த இரண்டு சாயங்காலம் வாய்த்திருந்தது. “கூட்டிட்டு வர ஆள் கிடைக்கல. அதான் எனக்கு அடிச்சது யோகம்” என்று முதல் நாள் அவர் சிரித்தது இருட்டு அக்காவுக்கு ஞாபகம் வந்தது.

கதவைச் சாத்தி விளக்கை அணைத்தாள். திரையின் சாம்பல் வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழுந்தது.

“வக்கீலே, நான் கண்ண மூடிட்டு அழுத்தினேன். எனக்கே முப்பத்தொண்ணு சரியா வந்துச்சு. உனக்கு மூணுதான் வருது.”

“அப்ப நான் அவ்ளோ மோசமாக்கா?”

“மோசமில்ல. உனக்கு எல்லாமே தெரியுது.”

குழந்தை மவுஸின் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டியது. வெகுநேரம் உருட்டியது. “அந்த மூணு நான் தும்மினப்போ வந்ததா இருக்கும்” என்றது கடைசியில், கோபமாக. “அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?”

“நீ ஏன் இப்படிப் பண்ணினே?”

“நீங்கதானே சொன்னீங்க, நல்லா பண்ணினா வரவே வேணாம்னு.”

இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று. இருட்டு அக்கா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். “நான் சொன்னதுதான் தப்பு, கண்ணு. நல்லா பண்ணினா முப்பது நாளும் உண்டு. தேறலன்னா இன்னிக்கே கடைசி.”

உதடு அசைய ஒரு கணக்கு ஓடியது. “இன்னும் பன்னெண்டு. ஆறு வாரம்.” நிமிர்ந்து பார்த்தது. “அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் எனக்குத் தெரியல.”

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று அவளுக்கு உறுத்தியது. ஆனால் குழந்தை அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டதுபோல் தாடையைத் தாங்கியில் வைத்துவிட்டது.

பயிற்சி ஓடத் தொடங்கியதும் அவள் வெளியே வந்தாள். பெஞ்சில் அப்பா, கிரீஸ் போகாத நகங்களைக் கக்கத்துக்குள் மறைத்துக்கொள்வதுபோல் கைகளைக் கட்டி உட்கார்ந்திருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தடுமாறியதைப் பார்த்து அவரே ஆரம்பித்தார்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு எப்படி சார்...”

“ரோட்டைத் தாண்டி இருக்கற போர்டுல தப்பு எழுத்து எதுன்னு எனக்குக் காட்டித் தர்றவம்மா அவ. மாடிப்படி ஏற ஆரம்பிச்சதும் கண்ணைச் சுருக்கிக்குவா. நானும் ஐயோ பாவம்னு தலையாட்டுவேன்.” சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. “நான் சொல்லியிருக்கணும். சொன்னா முடிஞ்சிடுமே.”

“நீங்க நேராவே கேக்கலாமே, அவங்க அம்மாகிட்ட. பயிற்சி இருந்தாலும் இல்லாட்டியும், செவ்வாயும் வெள்ளியும்.”

“கேக்கலாம்தான்.” தரையையே பார்த்தார். “இல்லன்னுட்டா? கேக்காத வரைக்கும் ரெண்டு நாளாவது கையில இருக்கு.”

உள்ளேயிருந்து சோதனை முடிந்த மணி ஒலித்தது. அறுபதுக்கு ஐம்பத்தெட்டு சரி. மீதி இரண்டை வேண்டுமென்றே விட்டாளா என்று பட்டியலைத் துருவத் தோன்றியது. இருட்டு அக்கா பிடிவாதமாக அதைத் திறக்கவில்லை. படிவத்தில் ‘தொடரலாம்’ என்று எழுதினாள். எழுதியதும் மனம் ஒப்பவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: ‘ஒன்பது முதல் பதினேழாம் நாள் வரை உள்ள அளவுகளை நம்ப வேண்டாம். குழந்தைக்கு நான் தவறாகச் சொன்னதே காரணம்.’ டாக்டரம்மா கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு மணி தாண்டியதும் கறுப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அம்மா ஹெல்மெட்டோடு, காலூன்றி, வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பையை மகளின் தோளில் மாட்டினார். அம்மாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. ஆனால் சொல்லாமல், நடைபாதையில் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். பத்தடி போனதும் கையை உயர்த்தி விரல்களைக் காட்டினார்.

“நாலு!” என்று கத்தினாள் வக்கீல்.

இன்னும் பின்னால் போனார். எதிரே வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் மேல் மோதி, திரும்பாமலேயே மன்னிப்புக் கேட்டார். “ரெண்டு!” கடைகளைத் தாண்டினார். “ஒண்ணு! இப்ப மூணு!” அம்மா வண்டிச் சாவியைத் திருப்பினாள், உறுமல் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளும் அந்தத் திசையையே பார்த்தாள். மூன்றாம் மாடியிலிருந்து, தடித்த மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்த இருட்டு அக்காவுக்கு அவர் எப்போதோ தெரு முனையில் நீலச் சட்டையின் ஒரு புள்ளியாகிவிட்டிருந்தார்.

கீழே குழந்தை குதிகாலை உயர்த்தி, கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு தெருவே கேட்கும்படி கத்தியது:

“ஏமாத்தாதப்பா! நீ விரலே காட்டல, சும்மாதான் நிக்கிற!”