சூடேறும் வரை

கடைக்காரர் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முதல் உறுமலிலேயே பிடித்துக்கொண்டது. என் தம்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கொட்டகை அது. கதவுகளும் சீட்டுகளும் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஓர் இரும்புச் சட்டத்தின் மேல், வண்டியே இல்லாமல், பேட்டரியும் ரேடியேட்டரும் ஒரு பெட்ரோல் கேனும் மட்டும் துணைக்கு இருக்க, அந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை போடாத ஆளைப் பார்த்தது போல எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

"தேன் மாதிரி ஓடுதுல்ல மாமா?" என்றான் தம்பி.

என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து இடது காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். வலது காது அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. இடதும் மெல்லிய சத்தங்களை விட்டுவிடுகிறது. டாக்ஸி ஓட்டுகிறவருக்குக் காது மந்தம் என்று வெளியே தெரிந்தால் எவன் ஏறுவான்? அது எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் வாரத்தில் ஒரு நாள் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றி வருவார். மற்ற புருஷன்மார்கள் பெண்டாட்டியைக் காற்று வாங்கக் கூட்டிப்போவார்கள். இவர் வண்டிச் சத்தம் கேட்கக் கூட்டிப்போவார். "காது, கிளம்பு" என்பார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே செல்லப்பெயர் அதுதான்.

எங்கள் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. போன வாரம் நடுரோட்டில் புகையைக் கக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டது. அப்போது பின்சீட்டில் எங்கள் வாடிக்கைக்காரர்களான டெய்லரம்மாவும் ரிட்டையர்டு வாத்தியாரும் இருந்தார்கள். இரண்டு பேரும் டயாலிசிஸ் முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிகிச்சை முடிந்து வரும்போது அவர்களுக்குக் கழுத்து நிற்காது. வெயிலில், ஒரு பூட்டிய கடையின் படிக்கட்டில், வாத்தியார் தலையை என் வீட்டுக்காரர் தோளில் சாய்த்துக்கொண்டு வேறு வண்டிக்குக் காத்திருந்தாராம். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சோற்றைத் தொடவில்லை.

மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றினால் இன்னும் சில வருஷத்துக்குக் கவலையில்லை. ஆனால் சாமான் வந்து சேர எத்தனை நாளாகும் என்று அவர் வாக்குக் கொடுக்க மாட்டார். அதுவரை வாத்தியாரும் டெய்லரம்மாவும் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வார்கள். போனவர்கள் திரும்பி வருவார்களா என்பது வேறு கதை. இன்னொரு வழி, ஓடுகிற நிலையில் உள்ள பழைய எஞ்சினை அப்படியே தூக்கி மாட்டுவது. மறுநாளே வண்டி ரோட்டில் நிற்கும். "ஆனா ஒண்ணு, நல்லா சூடேறுற வரைக்கும் ஓடவிட்டுக் கேளுங்க. கெட்டி ஆயில ஊத்தி சத்தத்த அமுக்கி வச்சிருப்பாங்க" என்று சொல்லி, மரக்கைப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை என்னிடம் கொடுத்தார். முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். அதைத்தான் நான் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த எஞ்சினைத் தேடிப் பிடித்தவன் என் தம்பி. தானேதான் பிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். ஏனென்றால் இப்போது படுத்துவிட்ட வண்டியையும் அவன்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தான். வாங்கிய சில மாதத்திலேயே அது புகைய ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் அவனைக் கேலிக்கு எடுத்துக்கொண்டார். வீட்டில் குழாய் ஒழுகினாலும், பால் திரிந்தாலும், "மாப்ள பாத்து வாங்கினதா?" என்பார். மனசில் எதுவும் கிடையாது, வாய்தான். தம்பியும் கூடவே சிரிப்பான். ஆனால் இந்த ஒரு வருஷமாக அவன் எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. வாசலில் நின்று பேசிவிட்டு, வேலை இருக்குக்கா என்று போய்விடுகிறான். எனக்கு இருப்பது ஒரே தம்பி.

"போதும்ல? ஆஃப் பண்ணிடவா?" என்று கடைக்காரர் சாவிக்குக் கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்ணே" என்றேன்.

"எதுக்குக்கா? நான்தான் நேத்தே வந்து கேட்டுட்டேனே. சொக்கத் தங்கம்" என்றான் தம்பி. அவன் குரலில் இருந்த சந்தோஷம் என்னைப் பயமுறுத்தியது.

ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தேன், இப்போதுதான் சுட ஆரம்பித்திருந்தது. கடைக்காரர் போனை எடுத்துப் பார்த்தார். தம்பி எஞ்சினோடு சேர்த்துக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கடவுளே, இது நல்ல எஞ்சினாக இருக்கட்டும் என்று நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

அப்போது கேட்டது. உறுமலுக்கு அடியில், யாரோ உள்பக்கமிருந்து விரல் மடக்கிக் கதவைத் தட்டுவது போல. டொக். டொக். நின்றது. பிறகு மறுபடி. ஆயில் இளகிவிட்டது. எங்கள் வண்டி உட்காருவதற்கு முன்னால் இதே சத்தத்தைத்தான் போட்டது.

தம்பியைப் பார்த்தேன். அவன் கால் நின்றிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கும் கேட்டுவிட்டது. நேற்று இவ்வளவு நேரம் ஓடவிட்டிருக்க மாட்டான் பாவி. கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினான். சொல்லாதே என்றா, நீயே சொல்லிவிடு என்றா, எனக்குப் புரியவில்லை.

"என்ன காது, எப்படி இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். "நீ சரின்னா இன்னைக்கே தூக்கிடலாம்."

சரி என்று சொன்னால், இன்னொரு வெயிலில் இன்னொரு படிக்கட்டில் வாத்தியார் தலை சாய்ந்துகிடக்கும். வேண்டாம் என்றால், இவர் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார். சொல்லாமல் இருக்க இவருக்குத் தெரியாது. அதோடு என் தம்பி வாசல் வரைக்கும்கூட வரமாட்டான். இந்தக் காதை எனக்கு ஏன் கொடுத்தாய் என்று யாரிடமோ கோபம் வந்தது.

ஸ்க்ரூடிரைவரைக் கைப்பிடிப் பக்கமாகத் திருப்பித் தம்பியிடம் நீட்டினேன்.

"எனக்கு நிதானம் தெரியல. நீ வச்சுக் கேட்டுச் சொல்லுடா. நீ சொல்றதுதான் இன்னைக்கு."

என் வீட்டுக்காரர் என்னை வியப்பாகப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர் நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அவன் கேட்டுவிட்டுப் பொய் சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

தம்பி கொஞ்ச நேரம் கையை நீட்டவில்லை. பிறகு வாங்கினான். குனிந்து முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் பொருத்திக் கண்ணை மூடினான். எஞ்சினின் அதிர்வு அவன் கன்னத்தில் நடுங்கியது. முனையை அடுத்த இடத்துக்கு நகர்த்தினான், அதற்கடுத்த இடத்துக்கு. தேவைக்கு மேலேயே கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கிவிட்டார்.

கண்ணைத் திறந்தவன் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"மாமா" என்றான்.

எஞ்சின் இரைச்சலில் அது அவருக்குக் கேட்கவில்லை. அவன் உதடு அசைந்தது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி, இடது காதை அவன் பக்கம் கொடுத்துக்கொண்டு, ஓர் அடி கிட்டே போனார்.