பதிவே கிடையாது

அன்று காலை டிப்போவை விட்டு ஒரு பஸ்கூட வெளியே போகவில்லை. டிரைவர்கள் சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு முற்றத்தில் கும்பல் கும்பலாக நின்றார்கள். வெளிவாசலில் வேலைக்குப் போகிற சனம் கத்திக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் காரணம், முந்தின நாள் சாயங்காலம் 'சுவரில்' யாரோ எழுதிய நாலு வரி: "பிரேக் கட்டைக்குப் புது லைனிங் வராமலே பிரேக் சரி என்று தாளில் கையெழுத்து விழுகிறது. பழைய வண்டிகளை எடுக்காதீர்கள். இறக்கத்தில் நிற்காது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்."

சுவர் என்றால் நிஜச் சுவர் இல்லை. டிப்போ ஆட்கள் தங்கள் ஃபோனில் திறந்து, பேர் போடாமல் எதையும் எழுதலாம் என்று வைத்திருந்த ஒரு பக்கம். அதைக் கட்டியவன் கம்ப்யூட்டர் பிரிவில் தனி ஆளாக இருந்த பூட்டு. பெற்றவர்கள் நல்ல பேராகத்தான் வைத்தார்கள், டிப்போதான் மாற்றிவிட்டது. லேப்டாப் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் எல்லாம் வேவு பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கக்கூடியதுதான் யோக்கியமான மென்பொருள் என்பது அவன் கட்சி. டீ வாங்கிக் கொடுத்தால் போதும், ஒரு மணி நேரம் பேசுவான். வாங்கிக் கொடுக்காவிட்டாலும் பேசுவான்.

"ஊரே ஒரு ஆப்ல பேசுது, இவர் மட்டும் வேற ஆப் வெச்சிருக்கார். அதுல இவரைத் தவிர இருக்கறது நான் ஒருத்திதான். பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு எனக்கு மெசேஜ் அனுப்புவார்" என்று அவன் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்பான் அவன். சிரிக்க மாட்டான்.

சுவரைத் திறந்துவைத்த அன்று பெஞ்சின் மேல் ஏறி நின்று அவன் சொன்னது எல்லோருக்கும் மனப்பாடம். "சுவருக்கும் காது உண்டும்பாங்க. நம்ம சுவருக்கு வாய் மட்டும்தான். எழுதினது யாருன்னு எனக்கே தெரியாது. பதிவே கிடையாது. தைரியமா எழுதுங்க, நான் பொறுப்பு." கைதட்டல் கிடைத்தது. மேலாளர்கூடத் தட்டினார். கேன்டீன் டீயைப் பற்றிப் புலம்புவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார் பாவம்.

இப்போது மேலாளர் கை தட்டும் நிலையில் இல்லை. பூட்டைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலே கேட்டார்.

"எழுதினது யாரு?"

"தெரியாது சார்."

"தலைமை அலுவலகத்துல இருந்து ஆள் கிளம்பியாச்சு. வர்றதுக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். வதந்தி பரப்பினவனைப் பிடிச்சாச்சு, வீட்டுக்கு அனுப்பியாச்சுன்னு நான் சொல்லணும். புரியுதா?"

"பதிவு இருந்தாத்தானே சார் பேர் வரும்? வேணும்னா நீங்களே வந்து பாருங்க. ஃபோல்டர் காலியா கிடக்கும்."

அதைச் சொல்லும்போது அவனுக்கு உள்ளூர ஒரு குஷி. இப்படி ஒரு நாளுக்காகத்தானே ஒரு வருஷம் சண்டை போட்டு, கம்பெனி வாங்கவிருந்த வேவுச் சரக்கைத் தடுத்து இதை வைத்தான்.

"டீ வந்திருக்கு. குடிச்சிட்டு வர்றேன். நீ போய்த் திறந்து வை" என்றார் மேலாளர்.

அவன் அறை உதிரிபாகக் கிடங்கை ஒட்டிய சின்ன இடுக்கு. டீசல் வாடையும் சர்வரின் விசிறிச் சத்தமும் எப்போதும் இருக்கும். உட்கார்ந்து, கடவுச்சொல் அடித்து, ஃபோல்டரைத் திறந்தான். அது காலியாக இல்லை.

ஒரே ஒரு கோப்பு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வளர்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் நிற்கிறவர்கள் சுவரைத் திறந்து பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு வரியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு அப்டேட் போட்டான். நடுவில் திரை ஒரு கேள்வி கேட்டது: உன் பழைய அமைப்புகளையே வைத்துக்கொள்ளவா, புதிதாக வந்ததைப் போடவா? அந்த நேரம் பார்த்து ரேடியோ என்கிற பெண் டிரைவர் ஃபோன் வேலை செய்யவில்லை என்று கதவைத் தட்டினாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு விசையைத் தட்டினான். புதியது ஏறிவிட்டது. புதியதில் பதிவு எடுப்பது தானாகவே ஓடும். கண்டதற்கெல்லாம் 'சரி' அழுத்தாதீர்கள், படித்துப் பார்த்து அழுத்துங்கள் என்று டிப்போ முழுக்க நோட்டீஸ் ஒட்டியவன் அவன்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தான். மூடிவிட்டு அழித்துவிடலாம். ஆனால் கண் முந்திக்கொண்டது. நேற்றுச் சாயங்காலம், அந்த நாலு வரி வந்த இடம். டிப்போ வைஃபையில் ஒவ்வொரு ஃபோனையும் ஆளின் பேர் போட்டுச் சேர்த்ததும் அவனே என்பதால், ஃபோன் எண்ணுக்குப் பதில் பேரே தமிழில் பளிச்சென்று நின்றது.

மச்சினன். அவன் மனைவியின் தம்பி. பிரேக் பிரிவு மெக்கானிக். பிரேக் சரி என்று தாளில் கையெழுத்துப் போடுகிறவனும் அவனேதான்.

பூட்டுக்கு முதலில் வந்தது கோபம். அடப்பாவி, தெரிந்தே கையெழுத்துப் போட்டாயா? அந்த வண்டிகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிறார்களே! அடுத்த நொடி பயம் வந்தது. இந்தப் பேர் வெளியே போனால் மேலாளர் அவனைச் சும்மா விடமாட்டார். கையெழுத்தையும் காட்டி, எழுதியதையும் காட்டி, இரண்டு பக்கமும் அடிப்பார். வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, தினமும் ராத்திரி அக்கா கையால் சாப்பிடுகிறவன், இதை யாரிடமும் சொல்ல முடியாமல் சுவரிடம் சொல்லியிருக்கிறான். சுவருக்குக் காது இல்லை என்று மாமா சொன்னதை நம்பியிருக்கிறான்.

வராந்தாவில் மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டது.

சும்மா அழித்தால் தோண்டி எடுத்துவிடலாம் என்று பூட்டுக்குத் தெரியும். கோப்பின் மேல் குப்பையை எழுதி, அதன் மேல் மறுபடி எழுதி, பிறகு அழித்தான். பதிவை நிறுத்தினான். இனி கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. அந்த வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மேலாளர் உள்ளே வந்தபோது ஃபோல்டர் காலியாக இருந்தது. அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

மேலாளர் திரையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, பெருமூச்சு விட்டார்.

"சரி. உன் மெஷின் சொல்லலேன்னா போகுது. எனக்கே தெரியும், அந்த ரேடியோதான். இந்த டிப்போவுல வேற யாருக்கு இவ்வளவு வாய்? கூப்பிடு அவளை."

ரேடியோ வந்தாள். நடுவயதுக்காரி, ஏறின இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரை பேசிக்கொண்டே ஓட்டுவாள் என்பதால் அந்தப் பேர். மேலாளர் சஸ்பெண்ட் கடிதத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் எழுதல சார். நான் எழுதினா பேர் போட்டுத்தான் எழுதுவேன். இதுவரைக்கும் அந்தச் சுவர்ல பேர் போட்டு எழுதினது நான் ஒருத்தி மட்டும்தான், போய்ப் பாருங்க. பேர் இல்லாம எழுதறது பயந்தாங்கொள்ளி வேலைன்னு இவர்கிட்டயே சண்டை போட்டிருக்கேன். கேளுங்க."

"பேர் போடாம எழுதினா மாட்டிக்க மாட்டோம்னு இந்த ஒரு தடவை போடல. பிடி கடிதத்தை."

"எழுதினது எவனோ, அவன் சொன்னது நிஜம். அதுக்காகப் பழியை நான் சுமக்கணுமா? வீட்ல என் சம்பளம்தான் சார்." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

பூட்டு தரையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு இரு, வாயை மூடிக்கொண்டு இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மேலாளர் கடிதத்தை அவள் கையில் திணித்தார். அவள் விரல் மடங்கவில்லை, காகிதம் கீழே விழுந்தது.

"சார், அவங்க இல்ல" என்றான் பூட்டு.

ரேடியோ தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

மேலாளர் மெதுவாகத் திரும்பினார். "அவ இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.

"எனக்கே தெரியாதுன்னு பெஞ்சு மேல ஏறிச் சொன்னவன் நீ. எழுதினது யாருன்னு தெரியாதவனுக்கு, எழுதாதது யாருன்னு மட்டும் தெரியுமா?" மேலாளர் அவன் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "பதிவு இருந்திருக்கு. நீ பார்த்திருக்க. யாரு?"

"சொல்ல மாட்டேன் சார்."

"வேலை போகும்."

"தெரியும் சார்."

"கேஸ் போடுவேன்."

"போடுங்க." இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டான். தைரியம் ஒன்றும் இல்லை. பேர் நாக்கு நுனியில் நின்றது, அதை முழுங்குவதற்கே அவன் சக்தி எல்லாம் போயிற்று.

மேலாளர் கீழே கிடந்த கடிதத்தை எடுத்து, ரேடியோவின் பேரை அடித்துவிட்டுப் பூட்டின் பேரை எழுதினார். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் பேச வராந்தாவுக்குப் போனார். அந்தச் சின்ன இடைவெளியில் பூட்டு சுவரில் தன் பேர் போட்டு எழுதினான்: "இரண்டு வாரமாக இந்தச் சுவர் பதிவு எடுத்திருக்கிறது. என் தவறு. உங்களுக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகிவிட்டது. ஒரு பேரைப் பார்த்தேன். என்னிடமிருந்து அது வெளியே வராது." அழித்துவிட்டேன் என்று எழுதவில்லை, அதை வைத்தே மேலாளர் கேஸை ஜோடித்துவிடுவார். உடனே பேர் இல்லாமல் ஒரு பதில் வந்து விழுந்தது: "உன்னை நம்பித்தானேய்யா எழுதினோம்." அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை.

வீட்டில் மனைவி மத்தியானம் முழுக்க, எழுதினது யாரென்று கேட்டுப் பார்த்தாள். கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல் இருந்தாள், மறுபடி திட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் மச்சினன் வந்து, முகம் கழுவி, வழக்கம்போலத் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அவள் இரண்டு பேருக்கும் பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"எவனோ ஒரு பேடிப்பய எழுதிட்டு ஒளிஞ்சுக்குவானாம். இவர் அவனுக்காக வேலையை விட்டுட்டு வருவாராம். அவன் விளங்குவானா? அவன் சாப்பிடற சோறு அவனுக்குச் செரிக்குமா? ஏன்டா, உன்கூட வேலை செய்யறவன்தானே, யாருன்னு உனக்காவது தெரியாதா?"

மச்சினன் கை தட்டிலேயே நின்றது. பூட்டு, "அவனை விடு. சாப்பிடட்டும்" என்றான்.

"இல்ல மாமா" என்றான் மச்சினன். "அக்கா, அது நான்தான்."

அவள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"லைனிங் அடுத்த வாரம் வந்துரும், இப்ப கையெழுத்துப் போடுன்னு மேனேஜர் உசிரை எடுத்தார். போட்டேன். தப்புதான். நாலு மாசமா ராத்திரி தூக்கமில்ல. எங்கயாவது வண்டி கவுந்துச்சுன்னு ஃபோன் வருமோன்னு கிடப்பேன்." அவன் பேச்சு வேகமெடுத்தது, மாதக்கணக்காக அடைத்து வைத்தது வழிந்தது. "இன்னிக்கு மத்தியானம் மேல இருந்து வந்தவங்க வண்டியை ஓட்டிப் பார்த்தாங்க. ரெண்டு நிக்கல. நல்லவேளை, உள்ள ஆள் இல்ல. இப்ப மேனேஜர், எனக்கு ஒண்ணும் தெரியாது, கையெழுத்துப் போட்டவன் என்னை ஏமாத்திட்டான்னு சொல்றார். காலைல போலீஸ்ல கொடுக்கப்போறாங்க. என் கையெழுத்து மட்டும்தானே இருக்கு."

"ஐயோ" என்றாள் அக்கா.

"அழாதக்கா. அதுக்குத்தான் யோசிச்சுட்டு வந்தேன். ஒளிஞ்சது போதும், காலைல நானே போய்ச் சொல்லப்போறேன். ஓட்டாதீங்கன்னு எழுதி வண்டியை நிறுத்தினதே நான்தான்னு சொல்லுவேன். சும்மா சொன்னா, மாட்டிக்கிட்டதும் கதை விடறான்னு மேனேஜர் சொல்லுவார். மாமா சாட்சி சொன்னாலும் அக்கா புருஷன் பேச்சை எவன் நம்புவான்? ஆனா மாமாகிட்ட பதிவு இருக்கே." பயத்தோடு வந்தவன் முகத்தில் இப்போது ஒரு தெளிவு இருந்தது. சின்னப் பையனாக இருந்தபோது சைக்கிளைக் கொண்டுவந்து நீட்டி, மாமா சரிபண்ணிவிடுவார் என்று நிற்பானே, அப்படித்தான் பார்த்தான். "அதுல என் பேரும் நேரமும் இருக்குமில்ல மாமா? அதைக் காட்டினாப் போதும். காலைல என்கூட வர்றீங்களா?"

மனைவியும் அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் மத்தியானத்திலிருந்து இருந்த கோபம் போய்விட்டிருந்தது.

"மாப்ளே" என்றான் பூட்டு. தட்டைத் தள்ளி வைத்தான். "அழிச்சிட்டேன் மாப்ளே."

"எங்கயாவது காப்பி..."

"இல்ல."

"திரும்ப எடுக்க முடியும்னு சொல்வாங்களே மாமா, அழிச்சாலும்..."

"மத்தவங்க அழிச்சா எடுக்கலாம்."

மச்சினன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பூட்டு தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தான் செய்ததை எவனாவது வேவு பார்த்திருக்கக் கூடாதா, எங்காவது ஒரு மூலையில் திருட்டுத்தனமாக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கினான்.