நாத்தனார் திருத்திய பெட்டி

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது இல்லை. பின்னால் யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என் கணவரின் தங்கை, அதாவது எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கும் என் நாத்தனார், ஒரு நாள் இறங்கி வந்து சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"எழுத ஒண்ணும் கிடைக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்களே அண்ணி, வாலுவுக்குப் பெட்டி கட்டினதையே எழுதுங்களேன். நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டதே ஒரு கதை தேறும்."

வாலு என் மகள். வாசலில் ஏறி வரும் முன்பே வீட்டுக்குள் அவள் சத்தம் வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். ஒன்பதாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். அவள் போய்ச் சில நாள்தான் ஆகிறது. வீட்டில் இப்போது குழாய் சொட்டுவது கூடக் கேட்கிறது.

நாத்தனார் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். நான் எழுதும் எதுவும் அவள் கண்ணில் படாமல் வெளியே போனது கிடையாது. இதையும் அவளிடம்தான் கொடுத்திருக்கிறேன். ஓரத்தில் அவள் எழுதிய குறிப்புகளை இந்த முறை அழிக்காமல் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். வளைந்த அடைப்பு என்னுடையது. யார் பேசுகிறார்கள் என்ற குழப்பம் உங்களுக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் இருந்த குழப்பமே போதும்.

[“என் மூளையில் உதித்தது இல்லை” என்று ஆரம்பிப்பது நன்றாக இருக்கிறது அண்ணி.]

பார்த்தீர்களா. பாராட்டினாலும் எனக்கு எரிகிறது.

2

முதல் தொடக்கம்: அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலிப் பெட்டி வாயைத் திறந்து

[அன்று நல்ல வெயில். கொடியில் காய்ந்த துணியை நீங்கள்தான் எடுத்து வந்தீர்கள்.]

இரண்டாவது தொடக்கம்: ஒரு தாய் தன் மகளின் பெட்டியில் என்னவெல்லாம் வைக்க முடியும்? துணி வைக்கலாம், சோப்பு வைக்கலாம், ஆனால் தன்னுடைய

(இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரிந்ததால் நிறுத்திவிட்டேன்.)

மூன்றாவது: எனக்கு என் நாத்தனாரைப் பார்த்தால் பொறாமை.

இதுதான் உண்மையான தொடக்கம். இதை எழுதிய பிறகுதான் பேனா ஓடியது.

3

கதாபாத்திரம் என்று பார்த்தால் நாத்தனாரை என்னால் சரியாகப் படைக்க முடியவில்லை. கெட்டவளாக எழுத ஆசைதான். கெட்டவளாக எழுத ஒரு குணமாவது வேண்டாமா? இரைந்து பேச மாட்டாள். கொடுத்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவாள். "அண்ணி, நீங்க" என்று மரியாதை குறையாமல்தான் என் கழுத்தை அறுப்பாள்.

அவள் பத்து வயதிலிருந்து கல்லூரி முடியும் வரை விடுதிகளிலேயே இருந்தவள். நான் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் தவிர வேறு கட்டிலில் தூங்கியது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்தபோது மட்டும்தான். அதனால் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே வாலு மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

"அத்தை! என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? நீங்க வந்து கட்டிக் குடுங்க!"

நான் கீழே சோற்றை வடித்துக்கொண்டு நின்றேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்குப் பெட்டி கட்டத் தெரியாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததைக் கணவர் பார்த்தார். பார்த்துவிட்டுச் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சின்ன விஷயம்தானே என்று நினைப்பீர்கள். எனக்குச் சின்ன விஷயம் இல்லை. தனியாக ஓர் ஊரில், ஏதாவது ஒரு சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு மனசு கலங்கினால், முதலில் யார் முகம் ஞாபகம் வரும்? என்னுடையதா, நாத்தனாருடையதா? இந்தக் கதையில் எனக்கு வேண்டியது இந்த ஒரு பதில்தான். மற்றதெல்லாம் சாமான்.

(இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கம். வாலுவைப் பார்த்தும் பொறாமைதான். பூட்டு போட்ட அலமாரி, சன்னலோரக் கட்டில், "எங்க ரூம்" என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம். எனக்கு இந்த வயது வரை பூட்டு போட்ட அலமாரி கிடையாது.)

[இது எனக்குத் தெரியாது அண்ணி.]

4

பெட்டி கூடத்தின் நடுவில் ஒரு வாரம் திறந்தே கிடந்தது. நாத்தனாருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பெட்டி யாருடையதோ அவளே தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். தினமும் அச்சகத்திலிருந்து வந்ததும் வாலுவைப் பெட்டியோடு மொட்டை மாடி வரை ஏறி இறங்கச் சொல்வாள். மூச்சு வாங்கினால், கீழே வந்ததும் ஒரு பொருள் வெளியே போகும்.

அவள் தொழிலே அதுதானே. என் கதைகளில் "மிகவும்", "அப்படியே", "ஏதோ ஒரு" எல்லாவற்றையும் எடுத்து எறிந்து பழகின கை. நான் எழுதும்போதும் சரி, பெட்டி கட்டும்போதும் சரி, திணிக்கிற ஜாதி. காலையில் நான் வைப்பேன், சாயங்காலம் அவள் எடுப்பாள்.

நான் வைத்தவை: இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் குடுவை, அகராதி, மூன்று விதத் தைலம், விருந்தாளி வந்தால் உடுத்த ஒரு பட்டுப் பாவாடை.

"அங்க யாரும்மா விருந்தாளி வருவா?" என்று கேட்டாள் வாலு.

"நான் வருவேன்ல?"

"நீ வந்தா நான் எதுக்குப் பட்டு கட்டணும்?"

நாத்தனார் வைத்தவை: துணி காயப்போட நைலான் கயிறும் கிளிப்புகளும், குளியலறைக்குத் தனிச் செருப்பு, ஊசி நூல், ஊக்கு, ஒரே சாவியில் திறக்கிற இரண்டு பூட்டு, அப்புறம் பார்க்கச் சகிக்காத சாம்பல் நிற வாளி.

"நல்ல கலரே கிடைக்கலையா கடையில?" என்றேன்.

"அழகான வாளி மொத நாளே காணாமப் போயிடும் அண்ணி. நான் ரோஸ் கலர் வாளி கொண்டுபோய் அழுதவ."

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்புறம் என்னாச்சு அத்தை? யாரு எடுத்தா? கண்டுபிடிச்சீங்களா?" அத்தையிடம் அப்படி ஆயிரம் கதை இருக்கிறது. கதை எழுதுகிறவள் நான். என்னிடம் என் மகள் ஒரு கதை கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

நானும் ஓர் இடத்தில் ஜெயிக்கலாம் என்று பார்த்தேன். துணி எல்லாவற்றிலும் பெயர் இருக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நாத்தனாருக்குத் தையல் வராது. நான் சலவை கலையாத படுக்கை விரிப்பை எடுத்து, சிவப்பு நூலில், சங்கிலித் தையலில், வாலுவின் முழுப் பெயரையும் முதலெழுத்தோடு பூவேலைப்பாடாகத் தைத்தேன். நடு விரிப்பில். கண் வலிக்க வலிக்க.

நாத்தனார் அதை விரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது புத்தக அட்டையில தலைப்பு போட்ட மாதிரி இருக்கே அண்ணி. மூலைல, உள்பக்கமா, சின்னதா போட்டாப் போதும். அங்க பசங்க ஓட்டித் தள்ளிடும்."

வாலு முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது. சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கிறாள். உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்தேன். பிரித்த பிறகும் துணியில் ஊசித் துளைகள் இருந்தன, கிட்டே போய்ப் பார்த்தால் பெயரைப் படிக்கலாம்.

5

இனி போர்வை.

எழுதுவதா வேண்டாமா என்று இந்த இடத்தில் இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தேன். அது என் போர்வை. கனமான கம்பளி, ஓரம் பிய்ந்தது. காய்ச்சல் வந்தால் வாலு அதைத்தான் கேட்பாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல் மடித்து வைத்தேன். மறுநாள் காலை பீரோவைத் திறந்தால் போர்வை அதன் பழைய இடத்தில், என்னைவிட ஒழுங்காக மடிக்கப்பட்டு, உட்கார்ந்திருக்கிறது.

நாத்தனார் அப்போதுதான் காபி டம்ளரோடு இறங்கி வந்தாள்.

"என் பொண்ணு பெட்டிக்குள்ள உனக்கு என்ன கை?" என்றேன். "சொந்தமா ஒண்ணு பெத்து, அதுக்குக் கட்டு பெட்டி!"

சொல்லியே விட்டேன். கணவர் "ஏய்!" என்றார். நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள்.

உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த வாலு சீப்போடு வெளியே வந்தாள்.

"அத்தை எடுக்கலம்மா. நான்தான் எடுத்தேன். கனமா இருக்கு, தூக்கிட்டு மாடி ஏற முடியல."

(கனம் என்றுதான் சொன்னாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நான் நாலைந்து பேரிடம் சொல்லிவிட்டேன்.)

இங்கே என் கதைக்கு ஒரு சிக்கல். நாத்தனார் எடுத்திருந்தால் கதை சுலபமாக நடந்திருக்கும். முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன்: நாத்தனார் போர்வையை ஒளித்து வைக்கிறாள், தாய் கண்டுபிடிக்கிறாள், மகள் தாயைக் கட்டிக்கொள்கிறாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொறாமைப்பட எதிரில் ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு வசதி! தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அதை என் பிள்ளையே என்னிடம் சீப்பும் கையுமாக நின்று சொன்ன பிறகு நான் யார் மேல் கோபப்படுவது? நாத்தனார் மேலேயே பட்டேன். பழைய பழக்கம்.

[அண்ணி, அன்றைக்கு நான் மாடிக்குப் போய் அழுதேன். நீங்கள் படியேறி வந்து, கதவு வரை வந்து, திரும்பிப் போனீர்கள். செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டையும் விட்டுவிட்டீர்கள். சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இஷ்டம்.]

சேர்க்கவில்லை. அவள் குறிப்பை மட்டும் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுகிறேன்.

6

பள்ளியில் கொண்டுபோய் விட்டோம். வாலு பெட்டியை யார் உதவியும் இல்லாமல் மாடிக்குத் தூக்கிப் போனாள். பின்னால் ஒரு குடும்பமே ஒரு பீரோ அளவு பெட்டியை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாவைப் பார்த்து எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? பெண்ணின் அறை வரைக்கும் அவர் போகலாம். எங்களுக்கு அந்தத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

விடுதிக் காப்பாளர் அம்மா கறாராகச் சொன்னார்: "செல்போன் கிடையாது. ஞாயித்துக்கிழமை காலைல ஆபீஸ் போன்ல இருந்து ஒரு கால். ஒரே ஒரு நம்பர்தான். பின்னாடி வரிசை நிக்கும், அதனால யாரும் எடுக்கலன்னா அடுத்த புள்ளைக்குக் குடுத்துடுவோம்."

வாலு தலையை ஆட்டினாள். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு தரம் கை காட்டினாள்.

7

இந்தப் பகுதியை நாத்தனாரிடம் காட்டப்போவதில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முடிவு எழுதினேன்: ஞாயிற்றுக்கிழமை, என் போன் அடிக்கிறது. "அம்மா!" என்கிறாள் வாலு. நான்

(பொய். கிழித்துவிட்டேன்.)

இன்னொரு முடிவு: யாருக்கும் போன் வரவில்லை. வாலு புதுத் தோழிகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள். நானும் நாத்தனாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு

(இதுவும் பொய். எங்கள் இருவருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.)

நடந்தது இது. ஞாயிறு காலை கணவர் சாமான் வாங்கப் போயிருந்தார். நாத்தனார் இறங்கி வந்து சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் என் போனை நிமிர்த்தி வைத்திருந்தேன். பீன்ஸ் நறுக்குவதுபோல் பாவனை செய்தோம்.

அவள் போன் அடித்தது.

திருப்பிப் பார்த்தாள். பள்ளி எண்தான். நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. பத்தியம் இருந்து, பால் கொடுத்து, ராத்திரி பகல் பாராமல் வளர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு எண். அது என்னுடையது இல்லை.

அவள் எடுக்கவில்லை. போனை மேசை மேல் என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எடுங்க அண்ணி."

"உன்னைத்தான கூப்பிடறா."

"பரவால்ல, எடுங்க."

"நீ போட்ட பிச்சை எனக்கு எதுக்கு?"

"அண்ணி, அங்க வரிசை நிக்குது. கட் பண்ணிடுவாங்க. எடுங்க."

எடுத்தால் வாலு "அத்தை!" என்பாள். அந்தக் குரலில் இருக்கும் சந்தோஷத்தை என் காதால் கேட்க வேண்டும். "அம்மா பேசறேன்" என்று சொன்ன பிறகு அந்தக் குரல் மாறுகிறதா என்றும் கேட்க வேண்டும். எடுக்காவிட்டால் நாத்தனார் எடுப்பாளா? எடுக்க மாட்டாள். பிடிவாதத்தில் அவள் எனக்குக் குறைந்தவள் இல்லை. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் போனைப் பார்த்தோம்.

நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். உங்களில் யாராவது என் இடத்தில் உட்காருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் நின்று நிதானமாக யோசிக்க நேரம் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அங்கே ஒரு பெண் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் இருக்கிற பிள்ளை, "உங்க வீட்டுல யாருமே இல்லையா?" என்று அவளைக் கேட்கிறது.