வலது தோள்

அந்தக் கடையில் சைக்கிள் வாங்க வருகிறவர்களை முதலில் சுவரில் மாட்டிவிடுவார்கள். சைக்கிள்கள் தரையில் உலாவியபடி ஆளைத் தேர்ந்தெடுக்கும். தூத்துக்குடியில் பந்தய சைக்கிளுக்கு வேறு கடை கிடையாது. அதனால் பெனிட்டாவும் சட்டைக் காலரைக் கொக்கியில் கொடுத்துவிட்டுத் தொங்கினாள்.

நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்கிற பந்தயத்துக்காக வந்திருந்தாள். போன முறை கடலிலிருந்து முதல் ஆளாகக் கரையேறியவள் அவள்தான். பிறகு அண்ணனின் பழைய சைக்கிளில் ஏறினாள். பால்காரர்கூட அவளை முந்திப் போனார். போகிறபோது திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை.

பக்கத்துக் கொக்கியில் மச்சாடோ என்கிற வங்கி மேலாளர் தொங்கினார். காதோரம் ஒட்டடை படிந்திருந்தது.

“ரொம்ப நாளாத் தொங்குதீயளோ?” என்று கேட்டாள்.

“பேசாதம்மா. பேசினா வாய்க்குள்ள காத்து போயி வேகம் கொறையுமாம். வண்டிகளுக்குப் பிடிக்காது.”

கறுப்பு சைக்கிள் ஒன்று வந்தது. கத்தி மாதிரி ஒல்லி. அவளைச் சுற்றிப் பார்த்தது. அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே கடைக்காரர் தங்கமாரியப்பனிடம் போய்க் காதில் ஏதோ சொன்னது.

“தோள் அகலமாம்” என்றார் அவர்.

“கடல்ல நீஞ்சி வந்த தோளு அண்ணாச்சி.”

“எங்க வந்தா என்ன? காத்து முட்டும்லா.”

“கைப்பிடியக் கொஞ்சம் அகலமா மாத்தித் தாங்களேன்.”

எல்லா சைக்கிள்களும் அவள் பக்கம் திரும்பின. எங்கேயோ ஒரு சங்கிலி பல்லைக் கடித்தது.

“வண்டிய மாத்தச் சொல்லுதியா? பாத்துப் பேசு” என்றார் தங்கமாரியப்பன்.

தச்சர்களின் இழைப்புளியை எடுத்து வந்து அவளுடைய இடது தோளை இழைத்தார். தோள் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. வலிக்கவே இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

“ஒத்தத் தோளோட எப்படி நீஞ்சுவேன்? வட்டமால்லா சுத்துவேன்?”

“சுத்து. பந்தயமும் பொறப்பட்ட கரைக்குத்தானே திரும்பி வருது?”

மச்சாடோ பொறாமையோடு பார்த்தார்.

பந்தயத்தன்று அவள் கடலில் ஒரே ஒரு வட்டம் போட்டுக் கரைக்கு வந்தாள். மற்றவர்கள் நேராக நீந்திப் போய்க்கொண்டே இருந்தார்கள். திரும்பி வரும்படி அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கரையில் நின்ற கூட்டம் கைதட்டவில்லை. “வந்துட்டாளா?” என்று ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள்.

கறுப்பு சைக்கிள் மணலில் காத்திருந்தது. பக்கத்தில் இழைப்புளியோடு தங்கமாரியப்பன்.

“இப்பம் வலது தோள் துருத்திக்கிட்டுத் தெரியுதாம். அதையும் எடுத்தாத்தான் ஏத்திக்கிடுமாம்.”

பெனிட்டா சாலையைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் ஒருவர்கூட இல்லை. ஏறினால் போதும், ஜெயித்துவிடலாம்.

அவள் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக் கடலை நோக்கி இழுத்தாள். சக்கரங்கள் மணலில் பதிந்து அடம்பிடித்தன.

“ஏட்டி, விடுட்டி!” என்று கடைக்காரர் கத்தினார். அவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

அலை வண்டியின் இருக்கை வரைக்கும் ஏறியது. அப்போதுதான் சைக்கிள் முதன்முதலாக அவளிடம் நேரே பேசியது.

“அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது.”

“தெரியும்” என்றாள் பெனிட்டா. இன்னும் ஆழத்துக்கு இழுத்துப் போனாள்.