டால்பின் கொடுத்த ஆட்டுக் காது

மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, உருளைக்கிழங்கு கிலோ முப்பத்திரண்டு சோம் காசுக்கு ஏறிய அன்று காலையில், கராதல் கிராமத்துக் காட்சிக் குளத்தின் டால்பின் காற்றில் நீந்தி வந்து ஜிபார்குல் வீட்டுக் கதவை மூக்கால் தட்டியது. தரையிலிருந்து இரண்டு முழம் உயரத்தில் வந்தது. வழியில் ஏழு பேர் பார்த்தார்கள். ஆறு பேர் உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் நிற்கவில்லை. ஏழாவது ஆள் மட்டும், பாவம், ரொம்ப இளைத்துவிட்டது என்றார்.

ஜிபார்குல் இஸ்ஸிக்-குல் ஏரிக்கரையில் இருந்த அந்தக் குளத்தில் ஒன்பது வருடமாக மீன் நறுக்குபவள். கோடையில் நாளுக்கு ஐந்து காட்சி. டால்பின் வளையத்துக்குள் பாய்ந்தால் ஒரு மீன். பாயாவிட்டால் வாளியைக் காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். வயிற்றுப் புண்ணுக்கு ஒரு மாத்திரை, சுவரில் முட்டிக்கொள்ளாமல் சாந்தமாக இருக்க ஒரு மாத்திரை. இரண்டையும் மீனின் செவுளுக்குள் செருகுவது ஜிபார்குலின் வேலை. எப்படிச் சிரிக்கிறது பார் என்று வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். அதன் முக வார்ப்பே அப்படி, அழுதாலும் அப்படித்தான் இருக்கும் என்பது ஜிபார்குலுக்குத் தெரியும். அது அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வாளியைப் பார்த்துக்கொள்வாள்.

கதவைத் திறந்தவள் செய்தது அந்த ஊரில் யாரும் செய்வதுதான். வாசலில் வந்து நிற்பது வரி வசூலிப்பவனே ஆனாலும் முதலில் ரொட்டியை நீட்ட வேண்டும், வந்தவர் ஒரு விள்ளலாவது வாயில் போட வேண்டும். அவள் யோசிப்பதற்குள் கை ரொட்டியை நீட்டிவிட்டது. டால்பின் அதைக் கடித்து இரண்டாகப் பிளந்து, உள்ளே மாத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தது. பிறகுதான் தின்றது. ஜிபார்குலுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"இப்ப என்னடி பண்றது?" என்றான் அவள் கணவன் ஒரோசாலி.

"என்ன பண்றது? ரொட்டி தின்னாச்சு, விருந்தாளி ஆயாச்சு. ஆட்டைப் பிடிங்க."

"மீன் திங்கிற விருந்தாளிக்கு ஆடா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் கொட்டிலுக்குப் போனான்.

நடுப்பகலில் குளத்து முதலாளி துர்தகுன் லாரியோடும் வலையோடும் நான்கு ஆட்களோடும் வந்து இறங்கினான். ஜூன் முதல் தேதி சீசன் திறப்பு. ஆல்மாட்டி வரைக்கும் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் டால்பினைத் தொட்டியில் போட்டாக வேண்டும்.

"அக்கா, அது என் டால்பின். மரியாதையா வெளிய விடுங்க."

"உள்ள வந்து பேசேன் தம்பி" என்றான் ஒரோசாலி.

துர்தகுன் வாசலைத் தாண்டினான். ரொட்டி நீட்டப்பட்டது. கோபத்திலும் அவன் கை ஒரு விள்ளலைப் பிய்த்து வாயில் போட்டது. இப்போது அவனும் விருந்தாளி. ஒரு வீட்டு விருந்தாளி இன்னொரு விருந்தாளியை வலை போட்டு இழுத்துப் போவதை அந்த ஏரிக்கரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கூட வந்த நால்வரும் அதற்குள் காலணியைக் கழற்றிவிட்டுக் கறி வேகும் வாசனை வந்த பக்கம் திரும்பியிருந்தார்கள்.

கதவுக்கு எதிரே உள்ள மேலிடம் அதிக தூரத்திலிருந்து வந்தவருக்கு. டால்பின் கருங்கடலிலிருந்து வந்தது. அது மேலிடத்து மெத்தைக்கு ஒரு சாண் மேலே அமைதியாக மிதந்தது.

"நான் அதோட முதலாளி!" என்றான் துர்தகுன், கதவோரத்திலிருந்து.

"இருக்கட்டும் தம்பி. நீ பிஷ்கெக்லருந்துதானே வந்திருக்கே?"

வெந்த ஆட்டுத் தலை மேலிடத்துக்குப் போயிற்று. தலையைப் பெறுபவர் காதை அறுத்து அங்கிருக்கும் சின்னப் பையனுக்குக் கொடுப்பார். காதைத் தின்றவன் பெரியவர் சொல்லைக் கேட்பான் என்று கணக்கு. டால்பின் காதைப் பல்லால் சுத்தமாகக் கத்தரித்து, எல்லாரையும் கடந்து மிதந்து போய், துர்தகுன் தட்டில் வைத்தது. கொடுத்த காதை மறுக்கக் கூடாது என்று மூன்று வயதில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நன்றி சொல்லி வாயில் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

"ஐயையோ" என்றான்.

"முழுங்கிட்டியா?" என்றான் ஒரோசாலி.

"முழுங்கிட்டேன் அண்ணே."

"அப்ப முடிஞ்சுது."

தனக்கு நாற்பத்து நான்கு வயது, டால்பினுக்குப் பத்தொன்பதுதான் என்று அவன் வாதாடிப் பார்த்தான். "காது தின்னப்புறம் வயசைப் பேசி என்ன முதலாளி? எழுந்து பெரியவர் கைக்குத் தண்ணி ஊத்துங்க" என்றான் அவனுடைய ஆட்களில் ஒருவன். துர்தகுன் கெண்டியை எடுத்து டால்பினின் துடுப்புகளில் வெதுவெதுப்பான நீரை ஊற்றினான். அவ்வளவு கிட்டத்தில் அவன் அதைப் பார்த்ததே இல்லை. சுவரில் உரசி உரசி அதன் மூக்கில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அவன் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஊற்றினான்.

பிறகு டால்பின் இரண்டு துடுப்புகளையும் விரித்தது. எல்லாரும் உள்ளங்கைகளை விரித்தார்கள், ஆசி முடிந்ததும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆசி சொல்லிவிட்ட விருந்தாளியை அதற்கு மேல் யாரும் நிறுத்த முடியாது.

போகிறவரும் ரொட்டியை ருசித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஜிபார்குல் ரொட்டியை நீட்டினாள். "அந்த மாத்திரையெல்லாம் நான்தான் வெச்சேன்" என்றாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் அதன் கண்ணைப் பார்த்தாள். டால்பின் ரொட்டியைப் பிளக்காமல் அப்படியே விழுங்கியது. பிறகு பாப்லர் மரங்களுக்கு மேலே எழும்பி மேற்கே போனது. ஜிபார்குல் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

விற்ற சீட்டுகளுக்குக் காட்சி நடந்தாக வேண்டும், பெரியவர் விட்டுப்போன வேலையைச் சின்னவன்தான் செய்ய வேண்டும். ஜூன் முதல் தேதி துர்தகுன் குளத்தில் குதித்தான். ஆகஸ்டுக்குள் வளையத்துக்குள் பாயக் கற்றுக்கொண்டான். ஜிபார்குல் வாளியோடு நின்று, "குதிச்சாத்தான் மீன்" என்பாள். மீனைப் பொரித்துத் தரச் சொன்னான். அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். அவன் சிரிக்கவே மாட்டேன் என்கிறான் என்று மட்டும் இரண்டு புகார் வந்தது.

அடுத்த வருடம் ஆப்ரிகாட் பழுக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. டால்பின் சதை போட்டிருந்தது, மூக்குப் புண் ஆறியிருந்தது. அதன் பின்னால், எந்தெந்த ஊர்க் குளங்களிலிருந்தோ, இன்னும் மூன்று டால்பின்கள் மிதந்து நின்றன. அந்த மூன்றும் ரொட்டியைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் தின்றன. ஜிபார்குல் ஆட்டைப் பிடிக்கச் சொன்னாள். துர்தகுன், யாரும் சொல்லாமலே, கெண்டியில் வெந்நீரோடு வந்து கதவோரம் உட்கார்ந்தான்.