மாப்பிள்ளையை அழைத்து வந்த கார்

ஜமீரின் கார் தெருமுனையில் திரும்பும்போதே எதிர்வீட்டு ரேணுகாம்பாள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வண்டியைப் பார்க்க அல்ல, திட்ட. திட்டுவதற்காவது ஒருத்தி வாசலுக்கு வருகிறாளே என்று ஜமீருக்கு உள்ளூரப் பெருமை.

செகண்ட் ஹாண்டில் வாங்கிய டர்போ கார். வாங்கிய புதிதில் பூனை மாதிரி வந்து போகும். ஓட்டுகிறவனுக்கு வேகம், தெருவுக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இரும்புலியூரில் அவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெற்ற தகப்பனே பார்ப்பதில்லை என்றால் ஊர் எங்கே பார்க்கும்? ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த மைதீன் பிச்சை, வாடிக்கையாளர் யாராவது கேட்டால், "கடைல நிக்கிற பையன்" என்றுதான் ஜமீரைக் காட்டுவார். "என் மகன்" என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிளைவுட்டை அளவு தப்பி அறுக்கிறவனை வேறு எப்படிச் சொல்வது என்று தெருவும் அவர் பக்கமே நின்றது.

தங்கை ஃபாயிசாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஜமீருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மாப்பிள்ளையை மஹாலுக்கு அழைத்து வருவது பெண்ணின் அண்ணன். அந்த ஒரு நாள் பள்ளிவாசல் ஜமாஅத்தே பார்க்க, 'மைதீன் பிச்சை மகன்' என்று நாலு பேர் விரல் நீட்ட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் ஜமாஅத்தில் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் வெடி கூடாது, பேண்டு கூடாது, மீறினால் நிக்காஹ் ஓத ஹஜ்ரத் வரமாட்டார். சத்தமில்லாமல் ஓர் ஊர்வலமா? துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி அல்லவா இருக்கும் என்று ஜமீர் மருகினான்.

வழி சொன்னவன் அவன் சேக்காளி தனசேகர். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வெல்டிங் பட்டறை. காருக்குள் எதையாவது அறுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"இன்னா மச்சான், வெடிதானே போடக்கூடாது? வண்டி தானா வெடிச்சா ஜமாத்து இன்னா பண்ணும்?"

"கார் எப்படிடா வெடிக்கும்?"

"நான் வெடிக்க வைக்கிறேன், நீ பாரு."

புகைக்குழாயின் நடுவில் ஒரு பெட்டி இருக்கும். எரியாமல் மிஞ்சுகிற பெட்ரோலும் விஷப்புகையும் அதைத் தாண்டி வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும். தனசேகர் அதை அறுத்து மூலையில் எறிந்தான். சைலன்சரையும் கழற்றிவிட்டு நேராக ஒரு ஸ்டீல் பைப்பை ஒட்டினான். பிறகு லேப்டாப்பைச் சொருகி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பெட்ரோல் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும்படி மாற்றினான். அது சூடான பைப்புக்குள் போய்ப் பற்றும். டப், டப், டமால். பட்டறைக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாவெல்லாம் பறந்தன.

"நெருப்பு வராதா?" ஜமீர் ஒரு தடவை கேட்கத்தான் செய்தான்.

"வரும். இருட்டுல பார்த்தா சும்மா நீலமா, மாஸா இருக்கும்."

"பகல்ல?"

"பகல்ல தெரியாது."

தெரியாது என்றதை, இருக்காது என்று எடுத்துக்கொண்டான் ஜமீர். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை பகலில். மீட்டரில் ஆரஞ்சு எச்சரிக்கை விளக்கு எரிந்தபடியே இருந்ததை ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி மறைத்தான்.

"வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை வருதே" என்றார் மைதீன் பிச்சை.

"ஸ்போர்ட்ஸ் வண்டின்னா அப்படித்தான் அத்தா."

"யாருடா இவன், சாவு சங்கு ஊதுறவன்!" என்றாள் ரேணுகாம்பாள், மூன்றாவது டமாலுக்கு. பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாண வீட்டைப் பார்த்துச் சொல்லக்கூடாத பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை காருக்கு அலங்காரம். ஜமீரின் சேக்காளிகள் பின்பக்கம் முழுக்க ரோஸ் கலர் வலைத்துணி கட்டி, காகிதப் பூவும் தெர்மாகோல் எழுத்தும் வைத்தார்கள். வலை பம்பரைத் தாண்டிப் பைப் வாய்க்கு மேல் பாவாடை மாதிரி தொங்கியது. அழகாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை யாசீன் பின்சீட்டில் மாலையோடு உட்கார்ந்தான். சாதுவான பையன். வழியில் முதல் டமாலுக்கே, "மச்சான், இது இப்படித்தான் போகுமா?" என்றான்.

"உங்களுக்காகத்தான் மாப்பிள்ளை!"

மஹால் வாசலில் கூட்டம். ஹஜ்ரத் முகத்தைச் சுளித்தார், ஆனால் வெடி என்று சொல்ல ஒரு காகிதத் துண்டுகூடக் கீழே இல்லை. பையன்கள் சுற்றி நின்று, "இன்னொரு தபா போடு ஜமீரு!" என்று குதித்தார்கள். மைதீன் பிச்சை வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளையை வரவேற்க வந்து நின்றார். அத்தா பார்க்கிறார். ஜமீர் வண்டியை நிறுத்தியபடியே ஆக்சிலரேட்டரை மிதித்தான், காலை எடுத்தான். டமால். மறுபடி மிதித்தான்.

பின்னால் கூச்சல் எழுந்தது. விசிலும் கைதட்டும் என்று நினைத்தான். அந்தச் சத்தத்தில் வார்த்தை எதுவும் காதில் ஏறவில்லை. கண்ணாடியில் ரோஸ் நிறம் ஆடியது, அது காற்றில் ஆடுகிறது என்று நினைத்தான். மூன்றாவது முறையும் மிதித்தான்.

யாசீன்தான் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "நிறுத்துங்க மச்சான்! மாமா மேல தீ!"

வலை பற்றியதை முதலில் பார்த்தவர் மைதீன் பிச்சை. உள்ளே மாப்பிள்ளை இருக்கிறான் என்று ஓடி, எரிகிற வலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிய்த்தார். முழுசாக வந்துவிட்டது. அவர் மேலேயே வந்து விழுந்து உருகி ஒட்டிக்கொண்டது. ஜமீர் இறங்கி ஓடி வருவதற்குள் மஹால் சமையல்காரர்கள் ஈரச்சாக்கைப் போட்டு அவரைச் சுற்றியிருந்தார்கள். காருக்குப் பெயின்ட் கருகியதோடு சரி.

ஆம்புலன்சில் ஏற்றும்போது மைதீன் பிச்சைக்கு நினைவிருந்தது. "நிக்காஹை நிறுத்தாதீங்க" என்றார். ஜமீரின் அம்மா நூர் பீவி கணவரோடு ஏறிக்கொண்டாள்.

அத்தா இல்லாத இடத்தில் பெண்ணைக் கொடுக்க வேண்டியவன் அண்ணன். ஹஜ்ரத் ஜமீரைப் பார்த்து, "போய்ப் பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டுட்டு வாங்க" என்றார். சாட்சிகள் இருவரோடு பெண்கள் பக்கம் போய்த் திரைக்கு வெளியே நின்றான். கருகிய வாடை அவன் சட்டையிலும் இருந்தது.

"ஃபாயிசா, யாசீனுக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு கொடுக்கச் சம்மதமா?"

உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அத்தா நிறுத்தாதீங்கன்னு சொன்னாங்களாம். அதனால சம்மதம். நீ கேட்டதுக்கு இல்லை."

சாட்சிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஜமீர் போய் மாப்பிள்ளை எதிரே அத்தாவின் இடத்தில் உட்கார்ந்து, ஹஜ்ரத் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். பிரியாணி பந்தி நடந்தது. ஜனங்கள் குரல் தாழ்த்திச் சாப்பிட்டார்கள், ஆனால் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் ஃபாயிசா கல்யாணப் புடவையோடே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அத்தாவுக்கு நெஞ்சிலும் கை முழுக்கவும் கட்டு. மகள் தலையில் கை வைக்கக்கூட அவரால் முடியவில்லை.

"ஜமீர் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டான் அத்தா."

வெளியே கதவோரம் நின்ற ஜமீர் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. கதவைத் தள்ளக் கையை வைத்தான், எடுத்துக்கொண்டான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படியிறங்கினான்.

மறுநாள் காய்ச்சல் ஏறி அவருக்கு நினைவு தப்பியது, திரும்பவில்லை. அந்த வாரம் முடியுமுன் மைதீன் பிச்சை போய்ச் சேர்ந்தார். அவர் உடலைச் சுமந்த சந்தூக்கு பள்ளிவாசலுக்கு வந்தது. தெருவே வந்திருந்தது. ரேணுகாம்பாள் காம்பவுண்டுக்கு வெளியே தலையில் முந்தானையோடு நின்றாள். ஜனாஸா தொழுகையைப் பெற்ற மகன் நின்று நடத்துவது அங்கே வழக்கம். ஹஜ்ரத் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மைதீன் பிச்சை மகன் எங்கே? முன்னால வரச் சொல்லுங்க."

நாலு பேர் விரல் நீட்டிக் காட்டினார்கள். ஜமீர் கடைசி வரிசையில் நின்றிருந்தான். "நீங்களே நடத்துங்க ஹஜ்ரத்" என்றான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. முன்வரிசையில் அவனுக்காக விட்டிருந்த இடத்தில் யாசீன் நகர்ந்து நின்றுகொண்டான்.